வன்னிக் காய்ச்சலும் ஒரு பெயருள் மறைந்திருந்த நுளம்பினங்களும்

வன்னி நாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வன்னிபங்களின் ஆட்சியையும், பண்டாரவன்னியனின் போரையும், குளங்கள் எழுந்ததையும் தூர்ந்ததையும் விரித்துரைத்துள்ளனர். நீரும் நிலமும் நிறைந்த அந்நாட்டிலே மக்கள் ஏன் குன்றினர் என்னும் வினா எழும்போது மட்டும் காய்ச்சல் என்னும் ஒரு சொல்லோடு அவர்களுட் பலர் அமைந்துவிடுகின்றனர். அச்சொல்லுக்குள் அடங்கிய வரலாறு சிறிதன்று. மலேரியாக் காய்ச்சல் வன்னியில் நிலைத்தமைக்கும், ஒருமுறை ஒடுங்கி மீண்டும் தலையெடுத்தமைக்கும் காரணமான நுளம்பு எது என்பதை அறிஞர்கள் அறிந்துகொள்ள ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு சென்றது. அறிந்தபின்னரே, தாம் ஒன்றென எண்ணியிருந்தது ஒன்றன்று என்பது அவர்களுக்குப் புலனாயிற்று.

வன்னியின் நிலவமைப்பை அறிந்தவர்க்கு அந்நோய் அங்கு வேரூன்றியது வியப்பளிக்காது. கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, பேராறு ஆகியன ஆண்டு முழுவதும் ஓடுவன அல்ல. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வாடைமழையிற் பெருக்கெடுத்து, தை பிறந்த பின்னர் ஓட்டம் தளர்ந்து, மணற்படுகையிற் சிறுசிறு தேக்கங்களாக எஞ்சிவிடும். வெயில் படும் அத்தெளிநீரே மலேரியா நுளம்பின் குடம்பிகளுக்கு உகந்த தொட்டில். குளக்கட்டின் அடியிற் கசிந்து நிற்கும் நீரும், மண்ணெடுத்த கிடங்குகளும், பாழ்ங்கிணறுகளும் அதற்குத் துணை. ஆகவே மழை ஓய்ந்து வயலிற் கதிர் முற்றும் பருவமே காய்ச்சற் பருவமுமாயிற்று. அரிவாள் பிடிக்கவேண்டிய கை நடுங்கிக்கொண்டு போர்வைக்குள் கிடந்தது. குழந்தைகளின் மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இரணைமடு கட்டப்பட்டு, பின்னர் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற குடும்பங்கள் காட்டையும் யானையையும் விட அதிகமாக அஞ்சியது இக்காய்ச்சலுக்கே எனலாம்.

மலேரியா ஒட்டுண்ணியை இலவரன் 1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவிற் கண்டார். அது நுளம்பின் உடலில் வளர்வதை 1897-ஆம் ஆண்டில் ரொனால்ட் ரொஸ் செக்கந்தராபாத்திற் கண்டார். அனோபிலிஸ் என்னும் பேரினத்து நுளம்புகளே மனிதரிடையே அந்நோயைப் பரப்புவன என்பது அடுத்த ஆண்டுகளில் உறுதியாயிற்று. அப்பேரினத்தில் இலங்கையிற் பல இனங்கள் உண்டு. அவற்றுள் எது குற்றவாளி? 1920-களில் இத்தீவில் நுளம்பாராய்ச்சி செய்த எச். எப். காட்டர், அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்பதே முதன்மையான நோய்க்காவி எனக் காட்டினார். 1901-ஆம் ஆண்டில் கைல்ஸ் என்பவர் இந்தியாவிற் கிடைத்த மாதிரிகளைக்கொண்டு பெயரிட்ட நுளம்பு அது. 1934-ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்து, ஓயாது ஓடும் ஆறுகளும் தேங்கியபோது, அதே நுளம்பு ஈரவலயத்துட் புகுந்து 1935 வரை ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது. காட்டரின் கூற்று அவ்வாறு பெருந்துயரத்தால் மெய்ப்பிக்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. 1946-இல் தீவெங்கும் வீடுகளின் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினர். 1963-ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் தொகை 17 மட்டுமே. வெற்றி கிடைத்துவிட்டதென எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1968, 1969-ஆம் ஆண்டுகளிலே நோயாளர் தொகை இலக்கக்கணக்கில் உயர்ந்தது. டி.டி.ரி.யைத் தாங்கும் வன்மை பெற்ற நுளம்புகளுக்கு எதிராக 1970-களில் மலத்தியோன் வந்தது. ஆயினும் 1987-இல் மீண்டும் ஆறு இலக்கத்திற்கு மேற்பட்டோர் காய்ச்சலுற்றனர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மரத்தடியிலும் ஓலைக்கொட்டிலிலும் வாழ்ந்த வன்னி மக்களுக்கு மருந்து தெளிப்பதற்குச் சுவரே இருக்கவில்லை.

இவ்வளவு காலமும் பதிவேடுகளில் எழுதப்பட்டுவந்த பெயர் ஒன்றே: குலிசிபேசிஸ். ஆனால் அப்பெயரைக்கொண்டு விளக்கமுடியாத செய்திகள் சேர்ந்துகொண்டே வந்தன. குலிசிபேசிஸ் மிகுதியாகக் காணப்பட்ட ஊர்கள் சிலவற்றில் நோய் குறைந்திருந்தது. நோய் கடுமையாயிருந்த வேறிடங்களில் நுளம்பின் தொகை பெரிதன்று. ஒரே நுளம்பு ஓரூரிற் சாதுவாகவும் வேறோரூரிற் கொடியதாகவும் ஒழுகுவதேன்?

இதே புதிர் ஐரோப்பாவில் முன்னரே தோன்றியிருந்தது. அங்கு அனோபிலிஸ் மாக்கியுலிபெனிஸ் என்னும் நுளம்பு எங்கும் பரந்திருந்தும், சில பிரதேசங்களில் மலேரியா இல்லை. இத்தாலியப் பொதுச் சுகாதாரச் சேவையிற் பரிசோதகராக இருந்த பலெரோனி, அந்நுளம்புகளின் முட்டைகளைத் தனித்தனியே பார்த்து, அவற்றின் மேலுள்ள புள்ளியும் கோடும் ஒரு தாயின் முட்டைகளில் ஒரு வகையாகவும், மற்றொரு தாயின் முட்டைகளில் வேறு வகையாகவும் இருப்பதை 1926-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாய்மாரை அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியாது. முட்டைகளை வைத்தால் தெரியும். அடுத்த பத்தாண்டுகளில், மாக்கியுலிபெனிஸ் என்பது ஒன்றோடொன்று கலவாத பல இனங்களின் கூட்டம் என்பதும், அவற்றுட் சிலவே மனிதரிடையே நோயைப் பரப்புவன என்பதும் நிலைநாட்டப்பட்டன. உருவத்தில் ஒன்றாய் இனவிருத்தியில் வேறாய் நிற்கும் இத்தகையவற்றை மறைவினங்கள் என்றும் உடன்பிறப்பினங்கள் என்றும் உயிரியலார் வழங்குவர். பெரிய பட்டம் பெற்ற பேராசிரியர் பலர் காணாததைச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் கண்டார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

முட்டை எல்லா நுளம்புகளிலும் வழிகாட்டவில்லை. 1947-ஆம் ஆண்டில் பிரிற்சி என்னும் இத்தாலியர், நுளம்புக் குடம்பியின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களிலுள்ள பருத்த நிறமூர்த்தங்களை நோக்கினார். சாதாரண நிறமூர்த்தம் நுணுக்குக்காட்டியிலும் சிறுகோலாகவே தோன்றும். இக்கலங்களிலோ அது பலமுறை இரட்டித்தும் பிரியாது ஒன்றாய்க் கிடப்பதனால், கயிறுபோற் பருத்து, குறுக்கே கரிய பட்டிகளும் வெளிய இடைவெளிகளும் ஒழுங்காகத் தோன்றும். பட்டிகளின் வரிசை ஓரினத்திற்கு ஒருவாறு அமைந்தது.

அவ்வரிசையைக்கொண்டு இனம் பிரிப்பதை, யாழ்ப்பாணக் கண்டி வீதியிற் பயணம் செய்தோர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கிளிநொச்சியிலிருந்து தெற்கே செல்வோர் முறிகண்டி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என்ற வரிசையில் ஊர்களைக் கடப்பர். ஒருவர் எழுதிய பட்டியலில் முறிகண்டி, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், ஓமந்தை, வவுனியா என்றிருப்பின், ஊரெதுவும் குறையவில்லை, கூடவுமில்லை. நடுவிலுள்ள துண்டு மட்டும் தலைகீழாய்த் திரும்பியுள்ளது. நிறமூர்த்தத்திலும் இவ்வாறு ஒரு துண்டு முறிந்து திரும்பி ஒட்டிக்கொள்வதுண்டு. திரும்பிய துண்டுடைய தந்தையும் திரும்பாத துண்டுடைய தாயும் கூடினால், பிள்ளையின் கலத்தில் இரண்டும் பட்டிக்குப் பட்டி பொருந்தி இணைய முயலும். அப்போது அவ்விடத்தில் ஒரு வளையம் விழும். ஓரூரிலே இருவகை நுளம்புகளும் நிறைந்திருந்தும், நூற்றுக்கணக்கானவற்றைச் சோதித்தபின்னும், ஒன்றிலேனும் வளையம் காணப்படவில்லையாயின், அவ்விருவகைக்குமிடையே கூடல் நிகழ்வதில்லை என்பதே பொருள். வளையத்தின் இன்மையே இங்கு சான்று. 1980-ஆம் ஆண்டிலே கிறீன், மைல்ஸ் என்னும் இருவரும் இம்முறையாற் குலிசிபேசிஸ் என்னும் பெயருள் இரண்டு இனங்கள் உளவெனக் காட்டி, அவற்றை 'ஏ' என்றும் 'பி' என்றும் குறித்தனர். பின்னர் டெல்லியைச் சார்ந்த சரளா சுப்பராவும் அவருடன் உழைத்தோரும் 'சி' இனத்தை 1983-இல் அறிவித்தனர். 'டி' இனமும் அதன்பின் சேர்ந்தது. இந்தியாவிலே 'ஏ' இனம் நோயைப் பரப்புவதும், 'பி' இனம் பெரும்பாலும் தீங்கற்றதும் எனத் தெரியவந்தது.

இனித்தான் இலங்கைக்கு இக்கட்டு நேர்ந்தது. 1990-களில் இலங்கைக் குலிசிபேசிசின் பருத்த நிறமூர்த்தங்களைச் சோதித்தபோது, கிடைத்த வரிசை 'பி' இனத்தின் வரிசையாகவே இருந்தது. இந்தியாவில் நோயை அரிதாகவே பரப்பும் இனம் இத்தீவிற் பல்லாயிரவரைக் கொன்ற இனமாயிருத்தல் எங்ஙனம்? காட்டரின் முடிவு பிழையோ? 1935-ஆம் ஆண்டுச் சாவுகளுக்கும் வன்னியின் காய்ச்சலுக்கும் வேறு நுளம்பு காரணமோ? இந்திய ஆராய்ச்சியின் முடிவுதான் இங்கு பொருந்தாதோ?

விடை பாக்குநீரிணைக்கு அப்பால், மன்னாருக்கு எதிரேயுள்ள இராமேசுவரத் தீவிலிருந்து வந்தது. அங்கும் இதே முரண்பாடு இருந்தது. 'பி' இனமென்று கொள்ளப்பட்ட நுளம்பே அத்தீவில் மலேரியாவைப் பரப்பிக்கொண்டிருந்தது. பருத்த நிறமூர்த்தங்களின் பட்டிகள் இதற்குமேல் ஒன்றும் கூறமாட்டா என்று கண்ட ஆய்வாளர், ஆண் நுளம்பில் மட்டும் உள்ள வை நிறமூர்த்தத்தை நோக்கினர். சில ஆண்களில் அதன் இடுக்கு ஓர் அந்தத்தையொட்டி இருந்தது. வேறு சிலவற்றில் அவ்விடுக்கு நடுவைச் சார்ந்திருந்தமையால் இருபுறமும் கை நீண்டிருந்தது.

இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மனிதனைக் கடித்து நோயைக் கொடுப்பது பெண் நுளம்பு. அதற்கோ வை நிறமூர்த்தம் இல்லை. ஆகவே ஆய்வாளர் செய்தது இதுவாகும்: பிடித்த பெண் நுளம்பு ஒவ்வொன்றையும் தனிக்குப்பியில் வைத்து முட்டையிடச் செய்தனர். முட்டை பொரித்த குடம்பிகளை வளர்த்து, ஆண்பிள்ளைகளின் நிறமூர்த்தங்களைப் பார்த்துத் தாயின் இனத்தைத் துணிந்தனர். தாயை அறுத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணி உண்டோ எனச் சோதித்தனர். இரண்டையும் ஒப்பிட்டபோது, நோய்கொண்ட தாய்மாரின் ஆண்பிள்ளைகள் நடுச்சார்ந்த இடுக்குடையனவாக இருந்தன. 1999-ஆம் ஆண்டில் இவ்வினம் 'இ' என அறிவிக்கப்பட்டது. மகனைக் கொண்டு தாயை அறிந்த இம்முறை, எண்ணிப்பார்க்குந்தொறும் நயமுடையது. மிகுந்த பொறுமையையும் வேண்டியது.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 2000-இல், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியராக விளங்கிய எஸ். என். சுரேந்திரன், ரஞ்சன் இராமசாமி முதலானோர், இலங்கையிலும் 'பி', 'இ' என்னும் இரண்டும் உள்ளனவென வை நிறமூர்த்தச் சான்றுடன் வெளியிட்டனர். 2006-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வாழ்நாளளவிலும், ஒட்டுண்ணிக்கு இடங்கொடுப்பதிலும், பூச்சிகொல்லி மருந்துகளைத் தாங்குவதிலும் இவ்விரண்டும் வேறுபடுவதைக் காட்டியது. வாழ்நாள் சிறிய செய்திபோலத் தோன்றலாம். நுளம்பு உறிஞ்சிய குருதியிலுள்ள ஒட்டுண்ணி முதிர்ந்து அதன் உமிழ்நீரை வந்தடைய ஏறக்குறையப் பத்து நாளோ அதற்கு மேலோ செல்லும். அதற்கு முன் இறக்கும் நுளம்பு எத்தனை பேரைக் கடித்தாலும் நோயைக் கொடாது. நீண்டு வாழ்வதும், ஒட்டுண்ணியை ஏற்பதும், மருந்துக்கு எளிதில் மடியாததும் ஓரினத்திற் கூடியபோது, அதுவே இத்தீவின் முதன்மை நோய்க்காவியாயிற்று. காட்டர் பிழைக்கவில்லை. அவர் கையிலிருந்த பெயர்தான் அகன்றதாயிருந்தது.

இக்கலப்பால் விளைந்த தீங்கை ஆசிரியர் எவரும் உணர்வர். ஒரு வகுப்பில் ஒரே பெயருடைய மாணவர் இருவர் இருந்து, இருவரின் புள்ளிகளையும் ஓரிடத்திற் கூட்டிச் சராசரி கண்டால், அச்சராசரி அவ்விருவரில் எவருக்கும் உரியதாகாது. குலிசிபேசிஸ் இத்தனை விழுக்காடு மருந்துக்கு மடிகின்றது, இத்தனை விழுக்காடு மாட்டைக் கடிக்கின்றது என்று பல்லாண்டு தொகுத்த கணக்குகள் அத்தகையனவே. தீங்கற்ற இனம் மருந்துக்கு மடிந்துகொண்டிருக்க, தீங்குடைய இனம் தாங்கி நின்றிருப்பின், கணக்கு நற்செய்தியையே கூறியிருக்கும்.

இக்காலத்தில் டீ.என்.ஏ. எழுத்துவரிசையைப் படித்தறியும் முறை மலிந்துள்ளமையால், இனம் பிரித்தல் இனி எளிதென்று கருதுவாரும் உளர். கலத்தின் இழைமணியிலுள்ள ஒரு பரம்பரையலகின் ஏறக்குறைய 650 எழுத்துக்களைப் படித்தாற் பெரும்பாலான விலங்கினங்களை வேறுபடுத்தலாம் என்பது 2003-ஆம் ஆண்டு முதல் பரவிய கருத்து. மத்தியதரைக் கடற்புறத்து மெரொடொன் என்னும் மலரீக்களில், உருவத்தில் ஒன்றெனக் கொள்ளப்பட்டவை பலவாதல் புரதங்களையும் டீ.என்.ஏ.யையும் கொண்டு வெளிப்பட்டது. சேர்பியாவின் நோவி சாட் பல்கலைக்கழகத்தார் அத்துறையிற் பெயர்பெற்றவர். ஆனால் இலங்கைக் குலிசிபேசிசிடம் அம்முறை தோற்றது. 'பி', 'இ' இரண்டின் டீ.என்.ஏ.யைப் பல இடங்களிற் படித்து ஒப்பிட்டபோது, எழுத்துக்கெழுத்து அவை ஒன்றாகவே இருந்தன என்பது 2006-ஆம் ஆண்டில் வெளியான முடிவு. பிரிவு நேர்ந்து நெடுங்காலம் ஆகாமை இதற்குக் காரணமாகலாம். எவ்வாறாயினும், எல்லாப் பூட்டிற்கும் பொருந்தும் ஒரு திறவுகோல் இல்லை. மாக்கியுலிபெனிசுக்கு முட்டையும், 'ஏ', 'பி' இனங்களுக்குப் பட்டியும், 'பி', 'இ' இனங்களுக்கு மகனின் வை நிறமூர்த்தமும் அடையாளமாயின.

டீ.என்.ஏ. வென்ற இடமும் உண்டு. சப்பிக்ரஸ் என்னும் வேறொரு அனோபிலிஸ் இலங்கையில் இரண்டாந்தர நோய்க்காவியாகக் கொள்ளப்பட்டது. அப்பெயருள்ளும் நான்கு இனங்கள் உளவென இந்திய ஆய்வாளர் காட்டியிருந்தனர். அவற்றுள் 'பி' எனப்பட்டது கரையோர உவர்நீரில் வளர்வது. 2010-ஆம் ஆண்டில் இலங்கைக் கரையோரத்து நுளம்புகளின் டீ.என்.ஏ.யைப் படித்தபோது, சப்பிக்ரஸ் 'பி' என்று உருவத்தாற் கொள்ளப்பட்டவற்றிற் பல, தென்கிழக்கு ஆசியக் கரைகளில் நோய்க்காவியெனப் பேர்போன சுண்டைக்கஸ் கூட்டத்தைச் சார்ந்தவை என்பது தெரிந்தது. ஆற்றுத் தேக்கங்களையே நோக்கியிருந்த கண் இனி உவர்நீரையும் நோக்கவேண்டியதாயிற்று. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என உவர்நீர்ப் பரப்புகள் சூழ்ந்த முல்லைத்தீவுக் கரைக்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

இவ்வளவும் கூறியபின் ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய இறுதி மலேரியா நோயாளர் 2012-ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பதிவானார். 2016-ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இந்நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. இவ்வெற்றி நிறமூர்த்தம் பார்த்தவர்களால் வந்ததன்று. வீடுவீடாகவும் முகாம்முகாமாகவும் சென்று விரல் நுனியிற் குருதி எடுத்துக் கண்ணாடித் தட்டிற் பூசிய களப்பணியாளரும், மருந்தூட்டிய வலைகளும், தவறாது கொடுத்த மாத்திரைகளும் தேடித்தந்தது அது. மறைவினங்களின் ஆராய்ச்சி, முன்னைய தோல்விகளின் காரணத்தை விளக்கியது. அடுத்து வருவதை அடையாளங் காணக் கண்ணைப் பழக்கியது.

அடுத்து வந்தது காலந்தாழ்த்தவில்லை. நோயற்ற நாடென்னும் சான்று கிடைத்த அதே ஆண்டின் இறுதியில், மன்னாரிலே வீட்டுக் கிணறுகளில் அதுவரை இத்தீவிற் காணப்படாத அனோபிலிஸ் ஒன்றின் குடம்பிகள் கிடைத்தன. இழைமணி எழுத்துவரிசையைப் படித்து அது ஸ்ரெபன்சி என உறுதிசெய்தனர். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவதும், 2012-இல் ஆபிரிக்காவின் ஜிபுட்டியில் நுழைந்ததும் இந்நுளம்பே. அதற்கு ஆற்றுமணலின் தேக்கம் வேண்டியதில்லை. சீமெந்துக் கிணறும் நீர்த்தொட்டியும் போதும். பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. குளத்தையும் ஆற்றையும் அஞ்சிய வன்னிக்கு, வீட்டு முற்றத்திலிருந்தே அச்சம் வரக்கூடும் என்பது புதியது.

இந்த ஸ்ரெபன்சியிலும் மூன்று வடிவங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது முட்டையின் இருபக்கத்து மிதவைகளிலுள்ள வரிகளை எண்ணியே. பலெரோனி முட்டைகளை வைத்துப் பார்த்த பதினோராம் ஆண்டிலே, 1937-இல், மைசூரிலிருந்து இவ்வேறுபாடு முதலில் அறிவிக்கப்பட்டது. இவை ஓரினத்தின் வடிவ வேறுபாடுகளோ, ஒரு பெயருள் மறைந்து நிற்கும் தனித்தனி இனங்களோ என்னும் வினாவுக்கு ஆய்வாளர் இன்னும் ஒருமித்த விடை கண்டிலர்.